பதினாலு எம்பி

பஸ் நிண்டால் முதலிலை தூசிதான் இறங்கும்,
பிறகு ஆக்கள்.
மாங்குளம் சந்தியிலை கடை வைச்சிருக்கிற எனக்கு
நடையிலையே தெரியும், ஆர் வெளியூர் எண்டு.
இவர் போனைத் தலைக்கு மேலை தூக்கிக்கொண்டு வந்தார்,
ஒழுக்குக்குச் சட்டி பிடிக்கிற மாதிரி.

"கட்டுநாயக்காவிலை கால் வைக்க முதலே மெசேஜ், தங்கச்சி.
முதல் வரி வணக்கம்.
ரெண்டாம் வரி, ஒரு எம்பிக்கு ஒன்பது பிராங்க்."

பாஸ்போட்டைக் கொப்பி எடுத்தன்.
தவநேசன் குலவீரசிங்கம்.
பிறந்த இடம் அதிலை இல்லை.
ஊர் எண்ட இடத்திலை
வாயிலை நுழையாத ஒரு சுவிஸ் ஊர்.
"அது அவங்கள் தந்த ஊர்," எண்டார். "காசு கட்டித்தான்."
எங்கட படிவத்திலை வந்த நோக்கத்துக்கு
ஒரு பெட்டிதான் இருந்தது. சுற்றுலா.
புள்ளடி போட்டன்.

அவர் வந்தது காணிக் கச்சேரிக்கு.
ஒட்டுசுட்டான், பதினொன்றரை.
அரை ஏக்கர் மேட்டுநிலம்.
பெர்மிட் இடப்பெயர்வோடை போட்டுது.
எப்பவோ எடுத்த படம் ஒண்டு
மகளின்ர கொம்பியூட்டரிலை கிடக்கு,
பதினாலு எம்பி.
விரல் மடிச்சுப் பெருக்கினார்.
"நூற்றி இருபத்தாறு பிராங்க்.
இந்தக் காசுக்கு ஒரு பக்க வேலி அடைக்கலாம்."

சட்டையிலை குத்தியிருந்த ஊசியாலை
பழைய சிம்மைக் கிளப்பி
பஸ் ரிக்கற்றிலை ரேப் போட்டு ஒட்டினன்.
நகத்தளவு.
"கவனம், பாங்க் கோட் எல்லாம் அதுக்குத்தான் வாறது."
புதுசு வேலை செய்ய ரெண்டு மணித்தியாலமாம்.
பஸ் பத்து நாப்பதுக்கு.

என்ர ஹொட்ஸ்பொட்டைத் திறந்தன்.
பாஸ்வேட் சொல்லத்தான் வெக்கம்.
எழுத்தெழுத்தாச் சொன்னன்:
கடன்கேளாதே.
அவர் என்ர தலைக்கு மேலை தொங்கின பலகையைப் பாத்தார்.
அதிலையும் அதுதான்.

மகள் அங்கை விடியக்காலமை எழும்பி அனுப்ப
படம் மேலை இருந்து நூல் நூலா இறங்கினது.
சிங்கம் போட்ட முத்திரை.
தாயின்ர பேர், ஒரு எழுத்துப் பிழையோடை.
வடக்கு, வாய்க்கால்.
கிழக்கு, முருகுப்பிள்ளையின் பெர்மிட் காணி.
தெற்கு, கிறவல் றோட்டு.
அதோடை நிண்டிட்டுது.

ஹோர்ன் அடிச்சுக்கொண்டு பஸ் வந்தது.
அவர் ஓட, போனோடை நான் பின்னாலை ஓட,
கொஞ்சம் விலகினாலும் அறும்.
மிதிபலகையிலை நிண்டு அவர் திரையைப் பாக்க,
கொண்டக்டர் என்னைப் பாத்தான்.
"நீங்களும் ஏறுறியளோ?"
"மேற்கு வந்திட்டுதோ?" எண்டு கத்தினன்.
வருது, வருது
எண்டது மட்டும் கேட்டது.

பின்னேரம் லாச்சியை இழுக்கேக்கை
கண்ணாடிப் பெட்டிக்கு மேலை ரிக்கற்.
அதிலை ஒட்டினபடி அவற்ற சிம்.

புது நம்பருக்கு எடுத்தன்.
நீங்கள் அழைத்த இலக்கம்
தொடர்பு எல்லைக்கு வெளியே, எண்டாள்.
தமிழிலை ஒருக்கா, சிங்களத்திலை ஒருக்கா.
எந்தப் பக்கத்து எல்லை எண்டு
ரெண்டு பாசையிலையும் சொல்லேல்லை.