பார்த்தவர் பட்டியல்

காலை ஏழு மணிக்கு வைத்தது:
ஐஸ் பெட்டிமேல் தூங்கும் ஒரு நாய்.
பதினோரு நொடி.
வயிறு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான்.

நேற்று ஒரு நண்டுக்கால்.
வேகும்முன் நீலம், வெந்தபின் சிவப்பு,
நடுவில் ஒரு நிறம் வந்துபோகும்.
அதற்குப் பெயர் தெரியவில்லை. வைத்தேன்.

அதற்கு முந்தின நாள்
மண்டபத்து நண்டுக் கம்பெனியில் கரண்ட் போனபோது
முப்பது பெண்களும் சேர்ந்து போட்ட கூச்சல்.
படம் கறுப்பு. சத்தம் மட்டும்.

கொழுந்தன் பெதலிஸ் சொல்கிறான்:
"ஒரு நாளில் சாகிற சங்கதிக்கு
இவ்வளவு மெனக்கெடணுமா மதினி?"
வருஷம் முழுக்கச் சொல்கிறான்.
பார்த்தவர் பட்டியலில்
தினமும் முதல் ஆள் அவன்தான்.

அவன் சொல்வதில் தப்பும் இல்லை.
பாம்பன் பாலத்தில் காரை நிறுத்தி
கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரிக்கிறார்களே,
நானும் அப்படி நின்றிருக்கிறேன்.
காற்று முந்தானையால் முகத்தில் அறைந்தது.
அதையும் வைத்தேன்.

எஸ்தாக்கி மாமா இறந்த மதியம்
அழுகிற மஞ்சள் முகம் ஒன்றைத் தேடி வைத்துவிட்டுத்தான்
அழ ஆரம்பித்தேன்.
அறுபத்துமூன்று பேர் பார்த்தார்கள்.
என் கட்டைவிரல் அன்றைக்குப் போல
என்றைக்கும் எனக்கு அருவருத்ததில்லை.
பிறகு பத்து நாள் ஒன்றுமே வைக்கவில்லை.

மூன்று முறை கடலுக்குப் போய் வந்தபின்
உப்புக் காலைக்கூடக் கழுவாமல் கேட்டான் ஞானதீபன்:
"போன் கெட்டுப்போச்சா?"
இல்லையே.
"ஒண்ணும் வரலையே."

பதினான்கு வருஷமாக
என் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவன்.
ஒரு இதயம் தொட்டதில்லை, பதில் போட்டதில்லை.
வலை இறக்கப் போய்விட்டான்.

வடகடலில் கொஞ்ச தூரம் தாண்டினால்
சிக்னல் செத்துவிடும்.
திரும்பும்போது, கரைவிளக்குக்கு முன்னால்
டவர்தான் முதலில் எட்டும்.

இன்றைக்கு வாடை முறுகி அடிக்கிறது.
நாய்மேல் விரல் வைத்து மேலே தள்ளுகிறேன்.
பெதலிஸ். சின்னம்மா. சீட்டுப் பிடிக்கிற ரமீஜா.
யார் என்றே தெரியாத ஒரு கேஸ் ஏஜென்சி.
நாற்பத்தொன்று.
வாசல் கதவு அடித்துக்கொள்கிறது.
கல் எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டு வருகிறேன்.
நாற்பத்தொன்று.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு
நாற்பத்திரண்டு.

உலை வைக்க எழுந்திருக்கிறேன்.
நாய்க்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.
தூங்கட்டும்.