ஆங்காங்கே

பிற்பகல் இரண்டரை.
உலர்குமிழ் முப்பத்தாறு தசம் நான்கு.
ஈரத்துணி சுற்றிய குமிழ் இருபத்தெட்டு.
மேற்கே காட்டைக் காய்ச்சி எடுத்து வந்து
யன்னல்களில் ஊற்றுகிறது கச்சான்.
கடற்காற்று இன்னும் வரவில்லை.
வரும்.
டச்சுக் குடாவில் நங்கூரமிட்ட வள்ளங்கள்
எப்போது மூக்கைத் திருப்பும் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு காற்றும் எங்கே முட்டுமோ
அங்கே முகில் எழும்.
எங்கே முட்டும் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

செய்மதிப் படத்தில், கன்னியாவுக்கு மேலே,
வெள்ளையாய் ஓர் உழுந்து.
அடுத்த படத்தில் புளியங்கொட்டை.

மாலை அறிக்கையில் எழுதினேன்:
'திருகோணமலை மாவட்டத்தில் ஆங்காங்கே
இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.'
பதினொரு வருடமாய் எழுதும் வாக்கியம்.
ஆங்காங்கே என்ற சொல்லுக்குக் கீழே
ஒரு திணைக்களமே ஒதுங்கி நிற்கலாம்,
நனையாமல்.

தாழ்ந்த இடங்களில் திடீர் வெள்ளம் என்று
இன்னொரு வரி சேர்த்தேன்.
அழித்தேன்.
போன கிழமையும் சேர்த்திருந்தேன்.
அன்று வானம்
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கிண்ணியாவிலிருந்து நசூர்தீன்:
'மிஸ், கருவாடு காயுது. மூடவா, விடவா?'
நாற்பது வீதம் என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
'பத்துப் பாய் விரிச்சிருக்கன்.
அப்ப நாலை மூடட்டா?'

ஐந்தேகாலுக்கு மின்னல்.
எண்ணினேன். இருபத்தொன்றில் இடி.
ஏழு கிலோமீற்றர்.
என் முற்றத்தில் மண் கூட நிறம் மாறவில்லை.
வேலிக்குள் நுழைந்த மானொன்று
மழைமானியை முகர்ந்து பார்த்துவிட்டு
புல்லுக்குத் திரும்பியது.

மூன்றாம் நாள் வந்தவர் பெயர் வில்வராசா.
கன்னியாப் பாதையில் ஒரு மதகு
தண்ணீரைக் குடிக்க மாட்டாமல்
றோட்டின் மேல் துப்பியிருக்கிறது.
எல்லாம் நாற்பது நிமிடம்.
ஓட்டோ பனங்காய் போல உருண்டு போக
மருதமரம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி
இரவு ஒன்பதரை வரை நின்றிருக்கிறார்.
'வெந்நீர்க் கிணத்துப் பக்கத்தால வந்த தண்ணி மிஸ்,
ஆனா ஐஸ் மாதிரி.'
காப்புறுதிக் கம்பனி கேட்கிறதாம்:
அன்று மழை பெய்ததென்று
எங்கள் கடிதம்.

பதிவேட்டைத் திறந்தேன்.
என்னுடைய கையெழுத்து.
பூச்சியம் தசம் பூச்சியம்.
மழைமானியின் வாய் ஒரு சாண்.
அந்த ஒரு சாணைப் பற்றி
நான் பொய் எழுதவில்லை.

அவர் கோபிக்கவில்லை.
சேட்டுப் பையில் காய்ந்திருந்த சேற்றை
நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்:
'றேடியோவில ஆங்காங்கே எண்டு சொன்னீங்களே,
அது நான்தானோ?'

கடிதத்தில் பூச்சியத்தை எழுதினேன்.
எழுதித்தான் ஆகவேண்டும்.
கீழே, படிவத்தில் கோடு முடிந்த பிறகு,
செய்மதிப் படங்களின் நேரங்களை
ஒவ்வொன்றாய் எழுதினேன்,
உழுந்திலிருந்து தொடங்கி.
உழுந்து என்று எழுதவில்லை.
ஏற்பார்களோ தெரியாது.
நாலாய் மடித்து
அந்தச் சேற்றுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார்.

இன்றும் இரண்டரை.
முப்பத்தேழு.
வள்ளங்கள் ஒவ்வொன்றாய்த் திரும்புகின்றன,
கடைசி நீல வள்ளம் மட்டும்
இன்னும் யோசிக்கிறது.
திடீர் வெள்ளம் என்ற வரியை எழுதி
அழிக்கும் விசையிலிருந்து
விரலை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன்.

தொலைபேசி.
'எத்தனை பாய் மிஸ்?'

ஏழு, என்கிறேன்.