ஒன்பதுக்கு மூன்று

ஏழு ஆட்டம், ஏழு தோல்வி.
எட்டாவது ஆட்டத்தின் எட்டாம் சுற்று முடிந்தபோது
ஒன்பதுக்கு இரண்டு.
தியர்ட்ரே வலது கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாய் இழுத்துக் கழற்றினாள்.

இந்த விளையாட்டில்
தோற்றேன் என்று வாயால் சொல்வதில்லை.
கையை நீட்டினால் போதும்.
வாரம் முழுக்க நீட்டினோம்.
மனிடோபாவிடம், கியூபெக்கிடம்,
எங்களைப் போலவே தோற்க வந்திருந்த
நியூஃபவுண்ட்லாந்திடம்கூட.

அரங்கம் நிறைந்த கூட்டம்தான்,
ஆனால் எல்லாத் தலையும் இரண்டாம் தடத்தின் பக்கம்.
அங்கே யாரோ அரையிறுதிக்குப் போகிறார்கள்.
மாட்டுமணி அடிக்கிறார்கள்.
நாங்கள் நான்காம் தடம், சுவர் ஓரம்,
பாப்கார்ன் வாசனை வருகிற இடம்.

யூக்கானிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தோம்.
துடைப்பங்கள் நான்காவதில் வந்தன.
தியர்ட்ரே பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள்.
சொலாஞ் பல் மருத்துவரிடம் கணக்கெழுதுகிறாள்.
நான் அலாஸ்கா நெடுஞ்சாலையில்
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறேன்,
இரவு இரண்டிலிருந்து காலை பத்து வரை.
கண்ணாடியில் பார்த்தால்
வழித்த தடம் அதற்குள் வெளுத்திருக்கும்.
இங்கேயும் எனக்கு அதே உத்தியோகம்:
ஓடுகிற கல்லுக்கு முன்னால் குனிந்து
தரையைத் தேய்ப்பது.
எறும்பு ஊர்ந்தால் கல் தேயலாம்.
நாங்கள் ஊர்ந்தால் தோள்தான் தேய்கிறது.

பெர்னெட் எங்கள் முதல் ஆள்.
எந்தச் சுற்றானாலும் முதலிரண்டு கல் அவளுடையது.
வீட்டுக்கு முன்னால் காவலாய் நிறுத்துவாள்.
ஐந்து கல் விழும்வரை அதை அடித்துத் தூக்கக் கூடாது, விதி.
அதன்பிறகு அடிப்பார்கள்.
வீடு என்றுதான் சொல்கிறோம் அந்த வட்டங்களை,
கால்மணி நேரத்துக்கு மேல்
எந்தக் கல்லும் அதில் குடியிருந்ததில்லை.
சுற்று முடிந்து எண்ணும்போது
பெர்னெட்டின் கல் எண்ணிக்கையில் வந்ததாக
எனக்கு ஞாபகமில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு கல் இருக்கு" என்றாள்.
கோபமில்லை.
கடையில் மீதிச் சில்லறை கேட்கிற குரல்.

தியர்ட்ரே பாதி கழன்ற கையுறையோடு நின்றாள்.
எதிரணித் தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள்,
பார்க்காத மாதிரியும் இருந்தாள்.
அவளுக்கு ஆறு மணிக்கு வேறொரு ஆட்டம்.
சொலாஞ் முதலில் சிரித்தாள்.
பிறகு கையுறை திரும்ப ஏறியது.

முதல் கல் காவலுக்கு நின்றது, வழக்கம்போல.
இரண்டாவதை
மெதுவாய் விட்டுவிட்டாள் பெர்னெட்,
விட்ட கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது,
பனியில் முழங்கால் ஊன்றியபடியே
"ஐயோ" என்றாள்.
"தேய்! தேய்!" அந்தக் கோடியிலிருந்து தியர்ட்ரே.
தேய்த்தோம். சொலாஞ்சின் தலை என் தலையில் இடித்தது.
இருபது கிலோ கருங்கல்
தூக்கத்தில் நடக்கிறவளைப் போல வருகிறது,
நிற்கப் போகிறது, நிற்கவில்லை,
துடைப்பத்தின் கீழ் பனி ஒரு மூச்சளவு இளகி
இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு சாண்,
காவல் கல்லைச் சுற்றி வளைந்து
நீல வட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது,
அழைக்காத கல்யாணத்தில் கடைசி நாற்காலி பிடித்த மாதிரி.

அதை இரண்டு முறை எடுக்கப் பார்த்தார்கள்.
ஒன்று உரசிக்கொண்டு போனது.
ஒன்று காவலில் மோதிச் சிதறியது.
நடுவில் நான் விட்டது சுவருக்கே போய்விட்டது.
தியர்ட்ரேயின் கடைசிக் கல்லாலும்
ஒன்றும் நடக்கவில்லை.
வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு கல்.

ஒன்பதுக்கு மூன்று.
பெர்னெட் அளவுக் கம்பி கேட்டாள்.
பக்கத்தில் போட்டிக்கு வேறு கல்லே இல்லை,
அளக்க எதுவுமில்லை, ஆனாலும் கேட்டாள்.
பிறகு கை நீட்டினோம்.

இரவு விடுதியிலிருந்து மகனுக்கு போன் செய்தேன்.
"உன்னைக் காட்டவே இல்லை அம்மா" என்றான்.
"கல்லைத்தான் காட்டினார்கள்.
மைக்கில் உன் மூச்சு மட்டும் கேட்டது.
நாய் எழுந்து டி.வி. பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடியது."

திங்கட்கிழமை இரவு இரண்டு மணி.
வாட்சன் லேக் பக்கம் முப்பது சென்டிமீட்டர் என்கிறார்கள்.
இடது தோள் இன்னும் தூக்க வரவில்லை.