பத்தடி பின்னால்

நியமனக் கடிதத்தில் வேலை ஒரே வரி:
பெட்டிக்குப் பத்தடி பின்னால் நடக்கவும்.
பெட்டி தானாகப் போகிறது.
கூடவே நான் போவது
யாருக்கும் தெரியக் கூடாது,
முக்கியமாக வீடியோவில்.

பைலட் திட்டம் என்றார் ஷ்ரேயஸ்.
டீக்கடை சவரிநாதன் கேட்டார்:
பைலட்டா? யாரு, நீயா?

துய்மா வீதியில் ஆறு சக்கரம்,
வயிற்றுக்குள் நாலு குரோசான்,
தலையில் ஆரஞ்சுக் கொடி.
மஞ்சள் சுவரோரம் நிழல் பார்த்து
நல்ல பிள்ளையாய்ப் போகும்,
முதல் வேகத்தடை வரைக்கும்.
அங்கே நான் தூக்கிவிட வேண்டும்.
நாய் வந்தால் முதலில் நான் பேச வேண்டும்.
மழை வந்தால் குடை அதற்கு.
சாமிக்குப் பிடிப்பதுபோல் நீட்டிப் பிடித்து
நனைந்துகொண்டே போவேன்.

சாயங்காலம் படிவம்.
கடைசிக் கட்டம்:
மனிதத் தலையீடு, எத்தனை முறை?
முதல் நாள் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
ஷ்ரேயஸ் அதட்டத் தெரியாதவர்.
அருள்மேரி, வேகத்தடையில் தூக்குவது
தலையீடு இல்லை, சின்ன உதவி.
அடுத்த வாரம் நாய்கள் கழிந்தன.
அதற்கடுத்த வாரம் குடை
வானிலைக் கணக்குக்குப் போய்விட்டது.
பத்தொன்பது. எட்டு. மூன்று.
எண் இறங்க இறங்க
அவர் குரலில் சர்க்கரை ஏறியது.
பூஜ்யம் வந்தால் பெட்டி பாஸ்.
அப்புறம் நான் எதற்கு என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மேப் செஞ்சி சாலையோடு முடிகிறது,
பெரிய வாய்க்காலின் இந்தக் கரையில்.
அந்தக் கரை வெறும் சாம்பல் நிறம்.
அதற்குள் எங்கேயோ என் நெல்லித்தோப்பு.
ஒருநாள் ஆப்பைத் திறந்து
வீட்டு விலாசம் போட்டுப் பார்த்தேன்.
விரைவில் வருகிறோம் என்றது.
அதையும் குறை சொல்ல முடியாது.
இந்த ஊருக்கு மேப் போட வந்தவர்கள்
எப்போதுமே அங்கேதான் பேனாவை மூடியிருக்கிறார்கள்.

மாசி மகத்துக்கு லீவு கேட்டேன்.
அன்றைக்குத்தான் டெமோ,
முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.
பட்டேல் சாலை முனையில் பெட்டி திரும்புகிறது,
எதிரே
மயிலத்திலிருந்து, தீவனூரிலிருந்து,
டிராக்டரிலும் மினி லாரியிலும் தோளிலும்
வைத்திக்குப்பம் கடலுக்குப் போகிற சாமிகள்.
மேளத்தின் நடுவே சிலையாய் நின்றது பெட்டி.
என் போனில் ஓடியது:
அறியாத பொருள்.
அறியாத பொருள்.
பதினேழு வரை எண்ணிவிட்டு ஓய்ந்தது.

சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர்
வரிசையில் எதையும் விடாதவர்.
கேமராவை நெற்றி என்று நினைத்து
அழுத்தி வைத்தார் ஒரு பொட்டு,
அதன் மேல் குங்குமம்.
கண் அடைந்துபோய்
அது பீப் பீப் என்று கத்த,
சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்
கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்:
யாரும்மா இதோட ஆளு?

பத்தடி.
நடந்துபோனேன்.
துப்பட்டா நுனியை எச்சிலில் நனைத்து
முகம் துடைத்துவிட்டேன்,
காது வரைக்கும், காது இருந்திருந்தால்.
தூரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட இருவர்
கை தட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை.

அன்றைய படிவம்
நிரப்பியே வந்திருந்தது, பூஜ்யம் என்று.
என் பெயர் மட்டும் பாக்கி.
பெரிய வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து கூட்டினேன்,
விரலிடுக்கில் இன்னும் சந்தனம்.
வேகத்தடை, நாய், வெயிலுக்குக் குடை,
பூக்காரம்மா கூடையை நகர்த்தச் சொன்னது,
அந்தப் பொட்டு.
முப்பது.

பூஜ்யத்தை அழிக்க வேண்டியிருக்கவில்லை.
முன்னால் ஒரு மூன்று போதும்.