விளைவு: தெரியவில்லை

எங்கள் ஸ்குவாட்ரனின் வரலாறு தபாலில் வந்திருக்கிறது.
கெட்டி அட்டை. பைலட்டுகளின் படம் பதினொன்று.
நூற்று நாற்பதாம் பக்கத்து அடியில்
பொடி எழுத்தில் தரைப் பணியாளர்கள்.
நான்காவது ஆள் நான்.
அருளப்பன், அரலப்பா என்று அச்சாகியிருக்கிறேன்.

ஹரிக்கேன் இறக்கைக்கு அடியில் குனிந்தபடியே
ஒரு போரை முடித்தவன்.
பக்கத்துக்கு ஒரு குண்டு, இருநூற்றைம்பது ராத்தல்.
தார் தோய்த்த சாக்கு விரித்த ஓடுதளம்,
அரக்கான் மழை, முழங்கால் வரை சேறு.
ரவைகளைத் துடைக்கத் துணி தீர்ந்த அன்று
என் பனியனைக் கிழித்தேன்.

கேக்கி சாப் ஏறுவார், கட்டைவிரல் காட்டுவார்.
சக்கரத்துக் கட்டையை உருவுவேன்.
நாற்பது நிமிஷம்,
இரண்டு பீடி.
திரும்பி வரும்போது இறக்கைக்கடியில் காலி.
அந்தக் காலியிடம்தான் நான் கண்ணால் பார்த்த போர்.

சாயங்காலம் கிளார்க் எழுதுவான்:
இலக்கு, ரயில்வே யார்டு, ஒட்டிய கட்டடங்கள்.
விளைவு, புகையால் தெரியவில்லை.
புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன்.
அறுபத்து மூன்று தெரியவில்லை.

கேக்கி சாப் திரும்பாத நாளுக்கு மூன்று வரி.
நல்ல வரிகள்தான்.
மூன்றாவது பீடி அதில் இல்லை.

எனக்குச் சூரமங்கலத்தில் வீடு,
கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்.
ராத்திரி முழுக்க வேகன்கள் முட்டிக்கொள்ளும்,
பழகிவிட்டது.
போன ஞாயிறு மகள் எஸ்தர் ஏற்காடு கூட்டிப்போனாள்.
இருபது கொண்டையூசி வளைவுக்கும்
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.
விமானப்படையில் இருந்தவன், உயரம் ஆகாது.

லேடீஸ் சீட்டில் டெலஸ்கோப்காரன்
நாலணாவுக்கு ஊரைக் காட்டினான்.
வெள்ளக்கல்பட்டிப் பக்கம் பூமி தோலுரிந்து
வெளுத்துக் கிடந்தது.
அங்கிருந்து தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்,
கேக்கி சாப் இப்படித்தான் வந்திருப்பார்.
ஜங்ஷன்.
கூட்ஸ் ஷெட்.
ஒட்டிய கட்டடங்கள்.

மூன்றாவது ஓட்டுக்கூரை என் வீடு.
பின்கட்டுக் கொடியில் சிவப்பாக ஒன்று,
காலையில் மேரி நனைத்த பவானி ஜமுக்காளம்.
அதன் ஓரத்தில் ஒரு புள்ளி நகர்ந்தது.
அவள்தான். அல்லது பக்கத்து வீட்டுப் பாக்கியம்.
புள்ளி குனிந்தது, நிமிர்ந்தது,
கையை நெற்றிக்கு வைத்து
மேலே பார்ப்பதுபோல் இருந்தது.

காசு தீர்ந்து கண்ணாடி இருண்டது.
"என்னப்பா தெரிஞ்சுது?" என்றாள் எஸ்தர்.

ஒரே புகைம்மா, என்றேன்.
அன்றைக்கு மலைக்கும் ஊருக்கும் நடுவே
ஒரு பஞ்சு மேகம்கூடக் கிடையாது.