படம் உடையும் நேரம்

இந்த ஊரில் செயற்கைக்கோள் தலைக்குமேல் இல்லை.
கையை நேரே நீட்டி
கடலும் வானும் சேரும் கோட்டில் முட்டியை வை,
அந்த முட்டியின் உயரம்தான் என்றார்
பக்கத்து வீட்டு தூர்லைஃப்.
தன் முட்டியை வைத்தும் காட்டினார்.
அதில் மீன்செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

அதனால் எங்கள் டிஷ் அண்ணாந்து பார்ப்பதில்லை.
வீட்டுப்பாடம் எழுதாத பையன்போல
தலையைக் குனிந்து நிற்கும்.
தலைகீழாக மாட்டிவிட்டாய் என்று
இரண்டு நாள் வீதேனிஸோடு சண்டை போட்டேன்.
லிதுவேனியாவிலிருந்து நார்வேயின் இந்த நுனிவரை
பின்சீட்டில் மகனுக்குப் பக்கத்தில்
பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்த டிஷ்.

அவர் ஏணியில்.
நான் ஜன்னலில், பாதி உடம்பு வெளியே.
யோகுபாஸ் டிவிக்கு முன்னால்.
"வருதா?"
"வரல."
"இப்ப?"
"யாரோ குதிரை விக்கிறாங்க."
"எந்த பாஷையில?"
"குதிரைக்குத்தான் தெரியும்."
ஒரு நூல் இடப்பக்கம். அரை நூல் திரும்ப வலப்பக்கம்.
ஸ்பேனர் பனியில் விழுந்து
தன் வடிவத்திலேயே ஒரு குழி தோண்டிக்கொண்டது.

பிறகு வந்தது:
சலவைத்தூள் விளம்பரம், எங்கள் மொழியில்.
மூவரும் நின்றபடியே பார்த்தோம்,
அந்தச் சட்டையில் கறை முழுக்கப் போகும்வரை.

ஆனால் தினமும் இரவு எட்டேகாலுக்கு
செய்தி வாசிப்பவளின் முகம் சதுரம் சதுரமாக உடையும்.
தாடை நெற்றிக்குப் போகும்.
அமைச்சர் ஏதோ வாக்குறுதி தரத் தொடங்கியிருப்பார்,
என்னவென்று தெரியாமலே போகும்.
கேபிளைத் திட்டினோம். திருகாணியைத் திட்டினோம்.
டிஷ் வாங்கித் தந்த என் கொழுந்தனையும்.
ஐந்தாம் நாள் யோகுபாஸ்தான் சொன்னான்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்:
"கப்பல்."

ஏழு மாடி வெளிச்சம், துறையில், எங்களுக்கு நேரே.
முட்டி இருக்க வேண்டிய இடத்தில் பயணிகள் கப்பல்.
அரைமணி நேரம் சரக்கு இறக்கும்.
அரைமணி நேரம் எங்கள் நாடு இருக்காது.
அப்போது சூப் குடிக்கப் பழகிக்கொண்டோம்.

ஜனவரியில் அந்தப் புயல்.
எட்டேகால் ஆனது, எட்டரை ஆனது,
முகம் உடையவில்லை.
அமைச்சர் முதல்முறையாக வாக்கியத்தை முடித்தார்.
அதில் ஒன்றும் இல்லை.
கூடைப்பந்து முடிவுகள் வரைக்கும் வந்துவிட்டோம்.

கதவு தட்டும் சத்தம்.
தூர்லைஃப், புருவமெல்லாம் பனி.
வணக்கம் சொல்லவில்லை, எங்களைத் தாண்டி டிவியைப் பார்த்தார்.
தப்புச் செய்தவள்போலச் சொன்னேன்:
"தெளிவாத்தான் இருக்கு."
அவர் மனைவி ஓஷில் அந்தக் கப்பலில்,
புது இடுப்பெலும்போடு ஆஸ்பத்திரியிலிருந்து.
போன் கோபுரம் மதியமே செத்துவிட்டது.
ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.
புரியாத மொழியில் ஒரு சமையல் நிகழ்ச்சி.
பீட்ரூட் நறுக்கினார்கள், இவர் தொப்பியைப் பிசைந்தார்.
நான் ஊற்றிய காபி ஆறி, மேலே ஆடை கட்டியது.

பத்தேமுக்காலுக்கு
சமையல்காரியின் கத்தி நின்றது.
பீட்ரூட் சிவப்பு திரையெல்லாம் சதுரமாகச் சிதறியது.
யாரும் மூச்சுவிடவில்லை.
பனியாகவும் இருக்கலாமே, டிஷ்மேல் அப்பிய பனி.
வீதேனிஸ் துடைப்பத்தோடு வெளியே ஓடினார்.
அவர் தேய்ப்பது சுவருக்குள் கேட்டது.
பிறகு காற்றுக்குள்ளிருந்து அவர் குரல்:
"வருதா?"

"வரல!" என்று கத்தினேன்.
"நல்லாத் தேய்ங்க!"
மறுபடி தேய்த்தார்.
"இப்ப?"

"வரல! வரவே இல்ல!"
நானும் யோகுபாஸும் சேர்ந்து கத்தினோம்.
தூர்லைஃப் அதற்குள் ஒரு பூட்ஸைப் போட்டுவிட்டார்,
அது வீதேனிஸுடையது.