எண்பத்தேழாம் கிலோமீட்டர்

இரண்டு ரயில்களுக்கு நடுவே
நாற்பத்தாறு நிமிடம் எனக்குச் சொந்தம்.
சரக்கு வண்டி தாமதமென்றால்
ஒரு மணி நேரம்கூட.

லாட்வியாவின் கிழக்கே, பிர்ச் மரக் காட்டுக்குள்,
ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
கேட்டை இறக்க ஒரு கைச்சக்கரம்.
இவற்றோடு வெல்தாவாகிய நான்.
பிறகு என் பிஸ்கட் டப்பா.

பிஸ்கட்தான் இருக்குமென்று நம்பி
போன மாதம் புது ஆய்வாளர் உள்ளே கைவிட்டார்.
இரண்டு ஊசி ஏறியது.
அறிக்கையில் அதை எழுதவில்லை.
நல்ல மனிதர்.

நூல்களை நிறவாரியாக அடுக்குகிற ஆளில்லை நான்.
கலைந்தே கிடக்கட்டும்.
கடுகு மஞ்சளைத் தேடிப்போன விரல்
கத்தரிப்பூ ஊதாவோடு திரும்பி வரும்.
சரி,
இன்றைக்குத் தவளை ஊதா.

என் தங்கை மில்டா
பன்னிரண்டு பேர் சாப்பிடும் மேசைக்கு விரிப்புத் தைக்கிறாள்,
பதினோரு வருடமாக.
இப்போது அந்த விரிப்புதான்
அவளைத் தைத்துக்கொண்டிருக்கிறது.
எனக்கு உள்ளங்கை அளவு போதும்:
ஊசிகளுக்கு ஒரு குட்டிப் புத்தகம்,
கெட்டிலுக்கு ஒரு சட்டை (பொத்தான் வைத்தது),
தொலைபேசியின் கழுத்துக்கு ஒரு பட்டி.
இப்போது மூக்குக் கண்ணாடிக்கு உறை.
யாருக்கென்று கேட்காதீர்கள், எனக்குத்தான்.

வளையத்தில் துணியை இறுக்கி
விரலால் ஒரு தட்டு.
சின்னப் பறை மாதிரி பேச வேண்டும்.
பேசினால்தான் ஊசி.
உள்ளே போகும்போது ஒரு 'டொப்',
நூல் பின்னால் வரும்போது ஒரு நீண்ட 'ஸ்ஸ்'.
இந்த இரண்டு சத்தத்துக்காகவே தைக்கிறேன்,
தவளை ஒரு சாக்கு.

முதுகுக்குச் சங்கிலித் தையல்.
வாய் ஓரத்துக்குக் காம்புத் தையல்.
கண்ணுக்கு முடிச்சு: இரண்டு சுற்று, மூச்சைப் பிடி,
இழு
போச்சு, துணிக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.
மறுபடி.
பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்,
அங்கே இருப்பது வேறொரு பிராணி.

இடது காலுக்கு வந்திருந்தேன்.
லிண்டன் பூத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
மணி அடித்தது,
ஏழு நிமிடம் முன்னதாக.
எழுந்தேன்.
தவளையும் எழுந்தது.

சீருடைப் பாவாடையோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன்!
வளையம் முழங்காலில் தொங்குகிறது,
கத்தரிக்கோல் டப்பாவின் அடியில் எங்கோ.
ரயிலுக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை.
சக்கரத்தைச் சுற்றினேன், டக் டக் என்று
முட்டியில் அடித்தபடி தவளை கூடவே உழைத்தது.
கேட்டுக்கு அந்தப் பக்கம் பால் லாரி.
ஓட்டுநர் ஜன்னலை இறக்கினார்,
பார்த்தார்,
மரியாதையாக ஏற்றிக்கொண்டார்.

பச்சைக் கொடியை நீட்டி நின்றேன்.
ஐம்பத்து நான்கு பெட்டி, எல்லாம் மரக்கட்டை.
அவை கிளப்பிய காற்றில்
ஒரு முழ ஊதா நூல், நுனியில் ஊசியோடு,
என் இடுப்புயரம் பறந்தது.
ஒரு தரம் ஊத வேண்டிய இடத்தில்
இரண்டு தரம் ஊதினார் குனார்ஸ்.

கேட்டை ஏற்றிவிட்டு உட்கார்ந்து அவிழ்த்தேன்.
பத்தொன்பது தையல்.
இத்தனை ஒழுங்காக
வேறெதையும் நான் தைத்ததில்லை,
அதுதான் வயிற்றெரிச்சல்.
நீலக் கம்பளித் துணியில்
ஊசி போன துளைகள் வரிசையாக,
ஒரு கால் மடங்கி உட்கார்ந்த தடம்.
நூலோ இன்னும் ஊசியில்.

அவிழ்த்த கால் வேறெங்கே போகும்?
அதே துளைகளில் திரும்பப் போட்டேன்,
இந்த முறை தெரிந்தே.
விரல் நுனிகளுக்கு ஐந்து முடிச்சு.
ஒன்றுகூட ஓடி ஒளியவில்லை.

கண்ணாடி உறையில் மூன்று கால் தவளை.
நாலாவது
அரசாங்கப் பாவாடையில், முட்டிக்குச் சற்று மேலே.
ஆய்வாளர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
அடுத்த வண்டி ஐந்து பன்னிரண்டுக்கு.
தேநீர் ஜில்லென்றிருக்கிறது.
பச்சை நூல் எங்கே,
ஒரு தாமரை இலைக்கு நேரமிருக்கிறது.